நிலம் விற்க டிரோன் படம்: ஆடாமல் எடுப்பது எப்படி?

ஆலங்குளம் வட்டாரத்தில் என் தாய்மாமாவுக்கு 1 ஏக்கர் 60 சென்ட் செவல் காடு இருந்தது. ஒரு கிணறு, அதில் 5 குதிரைத்திறன் மோட்டார், வரப்போரம் 11 பனைகள். அத்தையின் ஆபரேஷனுக்கு வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்துவிட்டதால், 2024-ஆம் ஆண்டு ஆடியில் ரோட்டை ஒட்டிய 70 சென்ட்டை மட்டும் விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். கிணறு உள்ள 90 சென்ட் தனக்கு.

இப்போது நிலம் வாங்குகிறவர்கள் முதலில் செல்போனில் படம் பார்க்கிறார்கள். பார்த்துப் பிடித்தால்தான் பஸ் ஏறுகிறார்கள். ஆகவே டிரோன் வைத்திருந்த ஒரு தம்பியை அழைத்து வந்து படம் எடுத்தோம். ஆடிக் காற்றில் படம் முழுவதும் ஆட்டம். அதைவிடப் பெரிய கேடு, அந்தத் தம்பி அழகாக இருக்கிறதே என்று கிணற்றைச் சுற்றிச் சுற்றி எடுத்துவிட்டார். படத்தைப் பார்த்துத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர், கிணறும் சேர்த்துத்தான் விலை என்று நினைத்து வந்திருந்தார். கிணறு இல்லை என்றதும், "படத்தில் காட்டினீர்கள், இப்போது இல்லை என்கிறீர்கள், என்ன ஏமாற்று இது?" என்று ஊர்க் கடைத்தெருவில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அறுபது வயது வரை ஒருவரிடமும் சொல் கேட்காத மனிதர் மாமா. மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகுதான் நானே டிரோன் ஓட்டக் கற்றுக்கொண்டேன். நன்றாக வருவதற்கு இரண்டு மாதம் பிடித்தது. நிலத்தை விற்க, வாங்க, குத்தகைக்கு விட நினைக்கும் விவசாயிகளுக்கும், டிரோன் வாங்கித் தொழிலாகச் செய்யலாமா என்று யோசிக்கும் கிராமத்து இளைஞர்களுக்கும் பயன்படலாம் என்று எண்ணி, கற்றதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம்

மத்திய அரசின் டிரோன் விதிகள் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25-ந் தேதி வெளியாயின. எடையை வைத்து டிரோன்களை வகை பிரித்திருக்கிறார்கள். 250 கிராம் வரை நானோ; அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. வயலில் மருந்து தெளிக்கும் டிரோன்கள் இவற்றைவிடப் பெரியவை. அவை வேறு கதை. நானோ ஓட்டுவதற்கு விமானிச் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவைத் தம் சொந்த உபயோகத்துக்கு ஓட்டினாலும் தேவையில்லை. ஆனால் மைக்ரோவை வைத்துக் காசு வாங்கிக்கொண்டு படம் எடுத்தால் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். பத்தாம் வகுப்பு தேறிய, 18 முதல் 65 வயதுக்கு உட்பட்டவர்கள், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் படித்து இதைப் பெறலாம். தமிழ்நாடு ஆளில்லா வான்வழி வாகனக் கழகம் என்ற அரசு நிறுவனமும் இந்தப் பயிற்சியைத் தருகிறது. டிரோன் எதுவானாலும் பதிவு செய்து அடையாள எண் பெற வேண்டும். நானோ நீங்கலாக மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் இன்சூரன்சும் உண்டு.

எங்கே பறக்கலாம் என்பதற்கு டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தில் வரைபடம் இருக்கிறது. பச்சை நிறப் பகுதியில் 400 அடி உயரம் வரை முன்அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோ மீட்டர் தூரத்துக்குள் என்றால் 200 அடி வரைதான். மஞ்சளுக்கு அனுமதி வேண்டும்; சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. சூலூர், தஞ்சாவூர், அரக்கோணம், உச்சிப்புளி ஆகிய ஊர்களில் ராணுவ விமான தளங்கள் உள்ளன. அந்தப் பக்கத்து விவசாயிகள், 'நம் காட்டில் நாம் பறக்க விடுகிறோம், யார் கேட்பது' என்று இருந்துவிட வேண்டாம். நிலம் நம்முடையது; அதன் மேலே உள்ள வானம் நம்முடையது அல்ல.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து முழு டிரோன்களை இறக்குமதி செய்வதற்கு 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி மத்திய அரசு தடை விதித்தது. யாரோ கொண்டு வந்தது, பில் கிடையாது, விலை மலிவு என்று ஒருவர் விற்க வந்தால் வாங்காதீர்கள். பதிவு செய்ய வழியிருக்காது. பழுதானால் உதிரி பாகமும் கிடைக்காது.

தலைக்குடமும் தெளிப்பான் நடையும்

டிரோனின் காமிராவைப் பிடித்திருக்கக் கிம்பல் என்ற ஒரு தாங்கி இருக்கும். தலையில் தண்ணீர்க் குடம் வைத்து மேடு பள்ளத்தில் நடந்துவரும் பெண்களைப் பார்த்திருக்கிறோம். கால் தடுக்கினாலும் இடுப்பு வளைந்து கொடுக்கும், குடம் ஆடாது. கிம்பலும் அதே வேலையைத்தான் செய்கிறது. டிரோன் சாய்ந்தாலும் குலுங்கினாலும் மூன்று சிறு மோட்டார்கள் காமிராவை நிலையாகப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே காற்றில் ஏற்படும் சின்னக் குலுக்கல் படத்தில் தெரியாது. அப்படியானால் நாம் பார்க்கும் படங்கள் ஏன் ஆடுகின்றன? பெரும்பாலும் ஓட்டுகிறவரின் கட்டைவிரல்தான் காரணம்.

கையில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியில் இரண்டு குச்சிகள் இருக்கும். இடது குச்சியை மேலும் கீழும் தள்ளினால் டிரோன் ஏறி இறங்கும்; பக்கவாட்டில் தள்ளினால் நின்ற இடத்தில் முகம் திருப்பும். வலது குச்சி முன்னே, பின்னே, இடது, வலது செல்வதற்கு. புதிதாகக் கற்பவர்கள் குச்சியைத் தட்டித் தட்டி ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு தட்டலும் படத்தில் ஒரு வெட்டாகத் தெரியும். உழவு மாட்டைத் திருப்பும்போது மூக்கணாங்கயிற்றை வெடுக்கென்று இழுக்கிறோமா? குச்சியையும் அப்படியே மெதுவாகத் தள்ளி, தள்ளிய அளவிலேயே பிடித்து, மெதுவாக விட வேண்டும். கட்டைவிரலை மட்டும் குச்சியின் மேல் வைக்காமல், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சேர்த்துப் பிடித்தால் எளிதாக வருகிறது. எனக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி ஆட்டம் போய்விட்டது.

அநேகமாக எல்லா டிரோனிலும் சினிமா முறை என்று ஒன்று இருக்கும். அதை வைத்தால் வேகம் குறையும். குச்சியை விட்டதும் டக்கென்று நிற்காமல் சற்றுத் தவழ்ந்து நிற்கும். படம் எடுக்கும்போது எப்போதும் அதிலேயே வைத்திருங்கள். ஆனால் தவழ்ந்து நிற்கும் என்பதை மறந்து மரத்தின் அருகில் போய்விடக் கூடாது.

வேகம் எவ்வளவு? தாழப் பறக்கும்போது, அதாவது 30, 40 அடி உயரத்தில், முதுகில் கைத்தெளிப்பான் போட்டு மருந்து அடிப்பவர் நடக்கும் வேகம் போதும். அது வினாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். மேலே போகப்போக வேகத்தைக் கூட்டலாம். 200 அடியில் சைக்கிள் வேகத்தில் போனாலும் படத்தில் மெதுவாகத்தான் தெரியும். பஸ்ஸில் போகும்போது ரோட்டோரப் புளியமரம் பறந்து ஓடுகிறது, தூரத்து மலை அசையாமல் நிற்கிறது அல்லவா, அதே கணக்குத்தான்.

நான் பழகியது அறுவடை முடிந்த வெற்றுக் களத்தில். நான்கு மூலைக்கும் நான்கு பானை வைத்துக்கொண்டு, முதல் வாரம் படம் எடுக்காமல் ஓட்ட மட்டும் செய்தேன். ஒரு பானையிலிருந்து அடுத்த பானைக்கு நேர்கோட்டில் போய், நின்று, முகம் திருப்பி, அடுத்த பானைக்கு. இரண்டாம் வாரம் டிரோனின் முகம் என்னைப் பார்க்கும்படி வைத்து அதே சுற்று. இதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். டிரோனின் இடது நமக்கு வலதாகிவிடும். மூன்றாம் வாரம், முன்னே போய்க்கொண்டே காமிராவை மெல்லக் கீழே சாய்ப்பது. ஒரு நேரத்தில் ஓர் அசைவு என்பதைப் பழகிய பிறகே இரண்டு அசைவுகளைச் சேர்க்க வேண்டும். நிலத்தைச் சுற்றி வட்டமடித்து எடுப்பதற்கு முகம் திருப்புவதும் பக்கவாட்டில் நகர்வதும் ஒரே சமயத்தில், ஒரே அளவில் நடக்க வேண்டும். இது வருவதற்குத்தான் எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. இப்போதெல்லாம் எந்த நிலப் படத்தைப் பார்த்தாலும் வட்டம்தான். பார்க்கிறவருக்குத் தலை சுற்றுகிறதே தவிர நிலம் எந்தப் பக்கம் என்று விளங்குவதில்லை. ஒரு வட்டத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

காமிராவைப் பற்றிச் சில

ஓட்டம் சரியாக இருந்தும் படம் வெட்டி வெட்டி ஓடினால் காமிராவின் ஷட்டரைப் பாருங்கள். வினாடிக்கு 25 படங்கள் எடுக்கும்போது ஷட்டர் 50-ல் ஒரு வினாடி திறந்திருந்தால் அசைவு வழுவழுப்பாக வரும். 30 படங்கள் என்றால் 60-ல் ஒரு வினாடி. வெயிலில் காமிரா தானாக இதை 1000-ல் ஒரு வினாடிக்குக் கொண்டுபோய்விடும். அப்போது ஒவ்வொரு படமும் கத்தியால் நறுக்கியது போலத் தனித்தனியாக நிற்பதால் தென்னங்கீற்றும் பயிரும் மினுமினுவென்று துடிக்கும். ஷட்டரைக் குறைத்தால் வெளிச்சம் அதிகமாகிப் படம் வெளுத்துவிடும். இதற்காகவே லென்ஸின் மேல் மாட்டும் கறுப்புக் கண்ணாடிகள் விற்கின்றன. நாம் வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போடுவது போலத்தான்.

நிறத்தையும் வெளிச்சத்தையும் காமிராவின் இஷ்டத்துக்கு விடாமல் பூட்டிவிடுங்கள். பச்சைப் பயிரிலிருந்து செம்மண்ணுக்குத் திரும்பும்போது, பூட்டாத காமிரா பாதியிலேயே நிறத்தை மாற்றிவிடும். பார்ப்பவர் வேறு நிலம் என்று நினைப்பார்.

படம் ஜெல்லி போல நெளிந்தால் இறக்கையைப் பாருங்கள். ஓரத்தில் சிறு வெட்டு விழுந்தாலும் போதும், அதிர்வு காமிராவுக்குப் போய்விடும். அந்த இறக்கையைத் தேய்த்துச் சரி செய்யாமல் மாற்றிவிடுவதே நல்லது.

ஒவ்வொரு காட்சிக்கும் ஓட்டம் தொடங்கும் முன்பே பதிவைத் தொடங்கி, நின்ற பிறகும் ஐந்து வினாடி ஓடவிடுங்கள். தொடக்கமும் முடிவும் குலுங்கினால் வெட்டி எறிந்துவிட்டு நடுவை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

காற்று, கம்பி, கீற்று

தென்காசிப் பக்கம் ஆரியங்காவுக் கணவாய் வழியாகவும், உடுமலை, பல்லடம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் வைகாசி முதல் ஆவணி வரை அடிக்கும் காற்று நாம் அறிந்ததே. காற்றாலைகளை அங்கே நட்டது சும்மா அல்ல. அந்த மாதங்களில் 250 கிராம் டிரோன் காகிதம் போல அல்லாடும். தரையில் காற்று இல்லை என்றாலும் மேலே இருக்கும். பனையின் உச்சி ஓலையைப் பார்த்தால் தெரியும். தவிர்க்க முடியாவிட்டால் சூரியன் எழுந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் சாய்வெயில் விழுவதால் வரப்பும் மேடு பள்ளமும் நிழலோடு தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் நிலம் தட்டையாக, பாய் விரித்தது போல இருக்கும். மார்கழிப் பனியில் மட்டும் காலையில் பறக்க வேண்டாம். ஈரம் உள்ளே இறங்கும்.

காற்றை எதிர்த்து முதலில் போய், திரும்பும்போது காற்றோடு வாருங்கள். மாறிச் செய்தால் திரும்பி வர பாட்டரி பற்றாது. 30 சதவீதத்துக்கு வந்ததும் இறக்கிவிட வேண்டும்.

தொடர்பு அறுந்தால் டிரோன் தானாகத் திரும்பி வரும். எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதை நாம்தான் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். நன்கு வளர்ந்த பனை 100 அடி இருக்கும். ஆகவே 140 அடிக்குக் குறைவாக வைக்காதீர்கள். சில டிரோன்களில் முன்னால் தடை இருந்தால் உணரும் கண் உண்டு. பின்னால் பலவற்றில் இல்லை. மின் கம்பியைப் பெரும்பாலும் எந்தக் கண்ணும் பார்ப்பதில்லை. பின்னோக்கி வந்து எடுக்கும் காட்சி அழகாக இருக்கும் என்று ஆசைப்பட்டுத் தென்னங்கீற்றில் மாட்டி, ஏறி எடுத்தவருக்குக் கூலி கொடுத்தவன் நான். பின்னோக்கி எடுக்க வேண்டிய பாதையில் முதலில் முன்னோக்கி ஒரு முறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

கிணற்றுக்குள் டிரோனை இறக்கவே கூடாது. சுவருக்குள் போனதும் செயற்கைக்கோள் தொடர்பு குறையும். கீழே பார்க்கும் கண்ணைத் தண்ணீரின் பளபளப்பு ஏமாற்றும். கிணற்று நீர்மட்டத்தைக் காட்ட வேண்டுமானால் மேலே நேராக நின்று காமிராவைக் கீழே சாய்த்தால் போதும். கிளம்பும் இடமும் பம்ப்செட் அறையின் தகரக் கூரையாகவோ டிராக்டர் பக்கமாகவோ இருக்க வேண்டாம். இரும்பு பக்கத்தில் இருந்தால் டிரோனின் திசைகாட்டி குழம்பும்.

அக்கம்பக்கத்தாரிடம் முன்நாளே சொல்லிவிடுங்கள். பம்ப்செட்டில் பெண்கள் குளிக்கும் நேரம், கன்று கட்டியிருக்கும் இடம், மரத்தில் மலைத்தேன் கூடு இவற்றை அவர்கள்தான் சொல்வார்கள். மிரண்ட கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் ஊர் வழக்காகிவிடும்.

எல்லையைக் காட்டுங்கள்

வான்படத்தில் வரப்பெல்லாம் ஒன்று போல இருக்கும். எது நம் நிலம், எது அடுத்தவர் நிலம் என்று தெரியாது. மாமாவின் மானம் போனது இதனால்தான். இரண்டாம் முறை நாங்கள் செய்தது இது. புலப்படத்தை வாங்கிக்கொண்டு சர்வே கல் சர்வே கல்லாக நடந்தோம். விற்கும் 70 சென்ட்டின் மூலைகளில், கல் இருந்த இடத்திலும் புதிதாக அளந்து குறித்த இடத்திலும், யூரியா சாக்கைக் கிழித்து விரித்து நான்கு பக்கமும் கல் வைத்தோம். புதிய பிரிவுக்கோட்டில் சுண்ணாம்புத் தூள் போட்டோம். 200 அடி உயரத்திலிருந்து வெள்ளை வெளேரென்று எல்லை தெரிந்தது. கிணறு கோட்டுக்கு அந்தப் பக்கம் என்பதைக் குழந்தையும் சொல்லிவிடும்.

டிரோனின் லென்ஸ் அகலமாகப் பார்க்கும் லென்ஸ். தாழப் பறந்து எடுத்தால் 50 சென்ட் நிலம் இரண்டு ஏக்கர் போல நீளும். விற்பவருக்கு ஆசையாக இருக்கலாம். வாங்குபவர் நேரில் வந்து, இதுவா என்று கேட்டு, பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போனதே என்று திரும்பிப் போவார். ஆகவே நிலத்தின் நடுவில் ஓர் ஆளை நிறுத்துங்கள். அல்லது மாட்டு வண்டி, டிராக்டர் ஏதாவது ஒன்று. பார்ப்பவர் அளவைத் தாமே புரிந்துகொள்வார்.

படத்தின் வரிசை எங்களுக்கு இப்படி அமைந்தது. தார் ரோட்டில் தொடங்கி, வண்டிப்பாதை வழியே தாழ வந்து நிலத்துக்குள் நுழைவது. பாதையை விடாமல் காட்ட வேண்டும். பாதைத் தகராறுதான் கிராமத்தில் முக்கால்வாசி வழக்கு. பிறகு நேராக மேலே ஏறி நான்கு சாக்கும் தெரியும்படி நிற்பது. ஓர் எல்லையோரமாக மெதுவாக ஒரு நடை. கிழக்கே ஓடை, மேற்கே செல்லும் உயர் அழுத்த மின் கம்பி, இரண்டையும் காட்டினோம். கடைசியாக ஊரும் கோயில் கோபுரமும் தெரிய ஓர் உயரக் காட்சி. மொத்தம் இரண்டரை நிமிடம். எடுத்த மாதத்தையும் எழுத்தில் போட்டோம். புரட்டாசியில் எடுத்த படம். கார்த்திகையில் மழைக்குப் பின் எடுத்தால் எந்தக் காடும் பச்சையாகத்தான் இருக்கும்.

படத்தை மாமாவுக்குப் போட்டுக் காட்டியபோது, "கம்பியையும் ஏன் காட்டுறீங்க மருமகனே, வெல கொறைஞ்சிறாதா?" என்று கேட்டார். "வந்து பார்த்தா தெரியாதா மாமா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, கெடக்கட்டும்" என்றார்.

இந்தப் படத்துக்கு விசாரித்தவர்கள் முன்னைவிடக் குறைவு. ஐந்து பேர்தான் நேரில் வந்தார்கள். ஐந்து பேரும் கிணற்றைப் பற்றிக் கேட்கவில்லை. 2025 தை மாதம் நான்காவதாக வந்தவருக்குக் கிரயம் ஆனது. கம்பிக்காக அவர் விலையில் கொஞ்சம் குறைத்துத்தான் கேட்டார், கொடுத்தோம். தரகு இல்லாததால் அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

வாங்கும் விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது பத்திரம் ஆகாது. பட்டா, சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று நான்கையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மனைப் பிரிவு போட்டு விற்கும் படம் என்றால், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவுகளை 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யக் கூடாது. படத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். காசுக்குப் படம் எடுத்துக் கொடுக்கும் இளைஞர்களும் எண்ணைக் கேட்டு வாங்கிப் படத்திலேயே போடுவது தங்களுக்கும் பாதுகாப்பு. விற்பவருடைய ஆதார் எண், பத்திரத்தின் நகல் ஆகியவற்றை மட்டும் படத்தில் காட்ட வேண்டாம். சர்வே எண் போதும்.

பாட்டரியைப் பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது. அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பல நாள் பயன்படுத்தாமல் வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள். முழுதாக ஏற்றி வைத்தால் உப்பிவிடும். டிராக்டர் பானெட்டின் மேல், வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கவே வேண்டாம். எடுத்த படத்தை அன்றைக்கே வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டு, விரித்த யூரியா சாக்குகளை மறக்காமல் எடுத்துவிடுங்கள். எங்கள் சாக்கு ஒன்றைப் பக்கத்துக் காட்டு ஆடு பாதி தின்றுவிட்டது.